கொடுவா மீனுக்குத் தூண்டில் இரையின் நிறத்தைத் தெரிவு செய்தல்

பெரும்போக வேளாண்மை அறுத்து, நெல் காய்ந்து வீடு சேர்ந்த பின்னர், சிறுபோகத்துக்குக் குளத்து நீர் திறக்கும் வரையிற் கமக்காரருக்குச் சில கிழமைகள் ஓய்வு கிடைக்கின்றது. தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல் முதலிய பகுதிகளில் இந்நாட்களில் மாலை வேளையிற் களப்புக் கரைக்கும் ஆற்று முகத்துக்கும் தூண்டிலொடு செல்வோர் பலர். வீட்டுக் கறிக்கு மீன் கிடைக்கின்றது, மிஞ்சியது விலையாகின்றது. ஆதலின் இப்பொருளைப் பற்றி விவசாயத் திணைக்களத்தின் துண்டுப் பிரசுரமொன்றில் எழுதுவது பொருந்தாதென எவரும் கருதார் என நம்புகின்றோம்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூதூர்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர், மேற்பசளைக்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, இருபத்துநான்கு நிறப் போலி இரைகள் அடங்கிய பெட்டியொன்றை வாங்கினார். ஒரு மாத காலத்தில் அவற்றால் அவர் பிடித்தது கையகலப் பாரைக் குஞ்சு ஒன்றே. பயிருக்குப் பசளை பிந்திற்று, இலை மஞ்சளித்தது. பயிரைப் பார்க்கச் சென்ற நாம் பெட்டியையும் பார்க்க நேர்ந்தது. இருபத்துநான்கு நிறங்களும் கடைக் கண்ணாடிக்குள் மனிதரின் கண்ணைக் கவர்வன. நீருக்குள் நின்று பார்க்கும் மீனுக்கு அவற்றுட் பெரும்பாலானவை ஒன்றே என்பதை விற்றவரும் அறியார், வாங்கியவரும் அறியார்.

இங்கே கூறப்படும் தூண்டில், கடைகளில் "ஜிக்" என்னும் பெயரால் விற்கப்படுவது. ஒற்றைத் தூண்டில் ஊசியின் கழுத்தில் ஈயத்தலை ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். அத்தலையின் பின்னே றப்பர் வாலோ, இறகுக் குஞ்சமோ, நூற்கற்றையோ ஊசியை மறைத்து நிற்கும். இதனை எறிந்து, அடிமட்டத்தில் ஈயம் முட்டும்வரை தாழவிட்டு, கோலின் நுனியாற் சிறிது தூக்கி, மீண்டும் விழவிட வேண்டும். இவ்வாறு ஏறியும் விழுந்தும் வருகையில் அடிபட்ட மணலைக் குஞ்சு போலவும் இறால் போலவும் தோன்றும். பெரும்பாலும் விழும்போதே கொடுவா கவ்வும்.

நிறத்தைப் பற்றிக் கமக்காரரிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் நீக்குதல் வேண்டும். மிளகாய்த் தோட்டத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துப் பழகியோர், மஞ்சள் நிறத்துக்கு வெண் ஈயும் அழுக்கணவனும் வந்து ஒட்டுவதையும், நீல அட்டைக்குப் பனிப்பூச்சி வருவதையும் கண்டுள்ளனர். அதுபோலவே கொடுவாவுக்கும் ஏதோ ஒரு நிறம் இருக்கின்றது, அதனைக் கண்டுபிடித்தாற் போதும் என எண்ணுகின்றனர். பூச்சிக்கு மஞ்சள் என்பது இளந்தளிரின் அடையாளம். அந்நிறத்தையே நாடி அது பறந்து வருகின்றது. கொடுவா நிறத்தை நாடி வருவதில்லை. அது கண்ணா வேர்களின் நிழலிலும் பாலத் தூண்களின் அருகிலும் மறைந்து நின்று, முன்னாற் செல்லும் உயிரைக் கண்டு பாய்வது. ஆகவே இரையின் நிறம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: அந்த நீரில், அந்த ஒளியில், இரை மீனின் கண்ணுக்குப் புலப்பட வேண்டும், புலப்படும்போது உணவு போலத் தோன்ற வேண்டும்.

பெட்டிகளில் வரும் நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் கூறல் வேண்டும். அமெரிக்க நாட்டின் ஏரிகளில் "பாஸ்" எனப்படும் நன்னீர் மீனைப் பொழுதுபோக்காகப் பிடிப்போர் மிகப் பலர். போலி இரைகளுட் பல அவர்களுக்காக ஆக்கப்பட்டவை. எமது கொடுவாவையும் ஆங்கிலேயர் ஆசியக் கடற் பாஸ் என அழைப்பதால் அவ்விரைகளே இங்கும் விலைப்படுகின்றன. பெயர் ஒன்றாயினும் இரண்டும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள். அந்த அமெரிக்க மீனே அத்தனை நிறங்களையும் காண்பதில்லை. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் பெருவாய்ப் பாஸ் மீன்களை நிறங் கண்டு உணவு பெறப் பழக்கிச் செய்த ஆய்வொன்று 2019 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அம்மீன் சிவப்பையும் பச்சையையும் நன்கு பிரித்தறிந்தது. ஆயின், பசுமஞ்சளை வெள்ளையிலிருந்தும், நீலத்தைக் கறுப்பிலிருந்தும் பிரிக்க இயலாமல் மயங்கிற்று. அதன் கண்ணில் நிறங் காணும் உயிரணுக்கள் இரண்டே வகை, மனிதருக்கு மூன்று. எனவே பெட்டியில் நீலம், கருநீலம், ஊதா, கறுப்பு என நான்கு இரைகளுக்குப் பணம் கொடுப்பவர், மீனின் கணக்கில் ஒரே இரையை நான்கு முறை வாங்கியவராவார்.

நீரும் ஒளியும்

நிறம் என்பது இரையின் மீது பூசப்பட்டது மட்டுமன்று. ஒளி மேலிருந்து இறங்கி, நீரினூடே சென்று, இரையிற் பட்டுத் திரும்பி, மீண்டும் நீரினூடே மீனின் கண்ணை அடைகின்றது. இவ்வழியில் நீர் அந்த ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். எப்பகுதியை உறிஞ்சுகின்றது என்பது நீருக்கு நீர் வேறுபடும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டாற் பெட்டி தேவையில்லை.

தெளிந்த கடல்நீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பு ஒளியை. மிகத் தெளிவான நீரிற் கூட, மேற்பரப்பில் விழுந்த செவ்வொளியில் ஐந்திலொரு பங்கும் 5 மீற்றர் ஆழத்தை அடைவதில்லை. 10 மீற்றரில் அது அநேகமாக இல்லையெனலாம். நீல ஒளியோ அவ்வாழத்திற் சிறிதே குறைந்திருக்கும். திருகோணமலைத் துறைமுகத்தின் பாறையோரங்களில் மூழ்கிப் பழகியோர், ஆழத்தில் வெட்டுக்காயத்துக் குருதி கருமையாய்த் தோன்றியதைக் கண்டிருப்பர். சிவந்த இரை அங்கே சிவந்ததன்று, கரியது. கெட்டதென்று சொல்ல வரவில்லை. கரியதும் சில வேளைகளில் நன்றே. சிவப்பென நினைத்துக் கறுப்பை எறிகின்றோம் என்பதை அறிந்து எறிதல் வேண்டும்.

களப்பு நீர் இதற்கு நேர்மாறானது. உப்பாற்றிலும், தம்பலகாமக் குடாவின் கண்ணாக் காட்டோரங்களிலும், உதிர்ந்த இலைகளின் சாயம் ஊறி நீர் பழுப்பு நிறமாய் நிற்கும். இதற்கு வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்யலாம். பால் விடாத தேநீரைக் கண்ணாடிக் குவளையில் வார்த்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அது செம்பொன் நிறமாய்த் தோன்றுவதற்குக் காரணம், தேயிலைச் சாயம் நீல ஒளியை உறிஞ்சிச் செம்மஞ்சள் ஒளியை மட்டும் கடந்து செல்ல விடுவதே. குவளையின் பின்னால் ஒரு நீல நூலையும் ஒரு செம்மஞ்சள் நூலையும் பிடித்துப் பாருங்கள். நீல நூல் கருத்துப் போகும். செம்மஞ்சள் நூல் தன் நிறத்தோடு நிற்கும். களப்புக் கரையிற் பித்தளை, செம்பு, செம்மஞ்சள், செங்கபிலம் ஆகிய நிறங்கள் நன்கு வேலை செய்வதன் இரகசியம் இதுவே. அதே களப்பில், கடற் கொடுவாவுக்கென விற்கப்படும் வெள்ளி கலந்த நீல இரை மங்கிப்போகும்.

மாரிகாலத்துக் கலங்கல் வேறு வகையானது. வடகீழ்ப் பருவமழையில் மகாவலி கங்கை வண்டலைச் சுமந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கையில், குடாவின் தென்பகுதி பாற்கோப்பி போல் மாறிவிடும். அங்கே எந்நிறமும் ஒரு சாணுக்கப்பால் தெரியாது. இத்தகைய நீரில் நிறத்தை மறந்து உருவத்தையும் அசைவையும் கருத வேண்டும். மீனின் உடலின் இருபுறத்தும் செல்லும் பக்கக்கோடு என்னும் உறுப்பு நீரின் அதிர்வை உணர்வது. கண் உதவாத இடத்தில் அது உதவும். அகன்ற வாலுள்ள, நீரை அடித்துக்கொண்டு வரும், பெரிய கறுப்பு இரையையே மெதுவாக இழுக்க வேண்டும். உண்மையைச் சொல்வதானால், பெருவெள்ளம் ஓடும் நாட்களில் வீட்டிலிருந்து வரம்பைக் கவனித்தலே மேல். வெள்ளம் வடியத் தொடங்கி, கலங்கல் நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோடு குடாவிற் தோன்றும் நாட்களே கொடுவாவுக்கு நல்ல நாட்கள். அக்கோட்டின் கலங்கற் பக்கத்தில் அது மறைந்து நிற்கும். தெளிந்த பக்கத்தில் மணலையும் நெத்தலியும் திரியும்.

குளத்து நீர் பாசியாற் பசுமையாய் இருப்பின், பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியே அதில் ஆழம் செல்லும். பசுமஞ்சள் இரை அங்கே துலங்கும். சிவப்பும் நீலமும் இருளும். கந்தளாய்ப் பக்கத்தில் விரால் பிடிப்போர் இதனைத் தம் அனுபவத்தால் அறிவர். ஆயின் விரால் நீர்ப்பூண்டுகளின் கீழிருந்து மேல் நோக்கிப் பார்த்துத் தவளையைக் கவ்வும் மீன். அதற்கு இரையின் வயிற்றுப்புறமே தெரியும். அதுவும் வானத்தின் ஒளிக்கு எதிரே கரிய நிழலாகத் தெரியும். முதுகில் எத்தனை புள்ளி வைத்தாலும் அது விராலுக்காக அன்று, வாங்குபவருக்காகவே.

பீங்கான் தட்டுப் பரிசோதனை

நீரின் தெளிவைக் கண்ணாற் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றும். முகில் மூடிய நாளில் தெளிந்த நீரும் இருண்டிருக்கும். இதனை அளப்பதற்கு எளிய முறையொன்று உண்டு. 1865 ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டுப் பாதிரியாரும் வானியலறிஞருமான அஞ்சலோ செக்கி என்பவர், மத்தியதரைக் கடலில் வெண்ணிற வட்டத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்து நீரின் தெளிவைக் குறித்தார். இன்றும் உலகெங்கும் நீராராய்ச்சியாளர் இம்முறையையே கைக்கொள்கின்றனர். நீங்கள் உடைந்த விளிம்புள்ள வெள்ளைப் பீங்கான் தட்டொன்றைக் கயிற்று உறியிற் கட்டி, அடியிற் கல்லொன்றைத் தொங்கவிட்டாற் போதும். தோணியின் நிழல் விழும் பக்கத்திலோ, துறைப் பலகையிலிருந்தோ இறக்கி, தட்டு மறையும் இடத்திற் கயிற்றைப் பிடித்து அளந்து கொள்ளுங்கள்.

ஒரு முழத்துக்குள் மறைந்தாற் கறுப்பு அல்லது கருங்கபில இரையைக் கட்டுக. ஒரு முழத்துக்கும் ஒரு பாகத்துக்கும் இடையில் மறைந்தால், நீர் பழுப்பாயிருப்பிற் பொன்னிறம் அல்லது செம்மஞ்சள், பசுமையாயிருப்பிற் பசுமஞ்சள். ஒரு பாகத்துக்கு மேலும் தட்டுத் தெரிந்தால் வெள்ளை அல்லது வெள்ளி. முதுகு மட்டும் சாம்பற் பச்சையாய் இருக்கலாம். மணலை, சூடை, நெத்தலி ஆகியவற்றின் நிறமும் அதுவே. தெளிந்த நீரில் மீன் நெடுநேரம் பார்த்து ஆராய்வதால், அங்கே பளிச்சிடும் நிறங்கள் அச்சத்தையே உண்டாக்கும். தங்கூசியும் மெல்லியதாயிருத்தல் நன்று.

கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கத்துக் கடல் காலையிற் கண்ணாடி போலிருக்கும். அக்காலத்தில் வெள்ளையைத் தவிர வேறெதனையும் தேட வேண்டியதில்லை. சேவலின் வெள்ளை இறகு மூன்று, தலையடியிற் சிறிது சிவப்பு நூல்: பூவின் சிவப்பு மீனின் செவுளை நினைவூட்டுகின்றது என்பர். அது மெய்யோ பொய்யோ, கேடில்லை.

இரவில்

நிலவொளியில் மிளகாய்த் தோட்டத்தின் நடுவே நின்று பார்த்தவர்க்கு ஒன்று தெரிந்திருக்கும். பழுத்த மிளகாயும் கத்தரிக்காயும் அப்போது ஒரே கருமையாய்த் தோன்றும். மங்கிய ஒளியில் நிறங் காணும் அணுக்கள் ஓய்ந்து, வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் உணரும் அணுக்களே வேலை செய்கின்றன. மீனின் கண்ணிலும் அவ்வாறே. கொடுவா அந்தியிலும் இரவிலும் வேட்டையாடும் மீன். அதன் கண்ணில் விளக்கொளி பட்டாற் செந்தணல் போல் ஒளிரும். மங்கலிற் பார்க்க அமைந்த கண் அது. எனினும் அந்நேரத்தில் அதற்கு நிறமென்பதொன்றில்லை.

இதனை எழுதுவோன் இதனைப் புத்தகத்திற் படித்து அறியவில்லை. இம்மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஒரு மாலை உப்பாற்றங் கரையில் நின்று, பன்னிரண்டு நிறங்களையும் மாற்றி மாற்றிக் கட்டி இருட்டும்வரை எறிந்தும் ஒன்றும் அகப்படவில்லை. இருபது முழத்துக்கப்பால் முதிய கமக்காரர் ஒருவர் நின்றார். பழைய சைக்கிள் ரியூப்பை விரலளவு நாடாவாக வெட்டி, நுனியை இரண்டாகக் கீறி, ஈயத்தலையிற் செருகியிருந்தார். இருட்டிய பின் அவர் இரண்டு கொடுவாவைக் கரையேற்றினார். எமது பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவே: "தம்பி, இதுகளெல்லாம் பகலில நமக்குத் தெரியிற நிறம். நீங்க தண்ணிக்குள்ள இருந்து மேல பாருங்க, என்ன தெரியும்?"

அவர் கூறியது சரி. இரவிலும் வானம் நீரைவிட வெளிச்சமானது. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, வானத்தின் முன் செல்லும் பொருள் நிழலாகவே தெரியும். எது மிகக் கருமையோ அதன் விளிம்பே மிகத் தெளிவு. நிலவு பெரிதாக உள்ள நாட்களிற் கறுப்பு, நிலவில்லாத நாட்களிலும் கறுப்பு. பாலத்து விளக்குகள் நீரில் விழும் இடங்கள் மட்டும் இதற்கு விலக்கு. கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல், முன்பு படகுப்பாதை ஓடிய நீர்வழியில் விளக்கொளியும் தூண்களின் நிழலும் பக்கம் பக்கமாய் விழுகின்றன. ஒளியுள்ள பக்கத்தில் வெள்ளை இரையை எறிந்து, நிழலுக்குள் அதனை விழச் செய்தல் வேண்டும். கொடுவா நிற்பது நிழலில். அது பார்ப்பது ஒளியை.

கணவாய் பிடிப்போர் இளஞ்சிவப்பு, பச்சை, செம்மஞ்சள் எனப் பல நிறத் தூண்டில்களை வைத்திருப்பதைக் கண்டு, அவற்றுள் எது நல்லதென்று கேட்போருக்கு ஒரு சொல். கணவாயினத்துட் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒளியுணரும் சாயம் ஒரே வகை. அவற்றுக்கு நிறவேறுபாடு தெரியாதெனவே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அத்தூண்டில்களில் அவை காண்பது வெளிச்சமும் இருளுமே. இருட்டில் தானே மினுங்கும் பூச்சுள்ள தூண்டில் கணவாய்க்கு உதவுவது அதனாலேயே.

வீட்டிலேயே செய்துகொள்ளல்

மேற்கூறியவற்றை நோக்கின், எமது மாவட்டத்துக் கரையோரக் கமக்காரருக்குத் தேவையானவை நான்கு நிறங்களே: கறுப்பு, வெள்ளை, பொன்னிறம் அல்லது செம்மஞ்சள், பசுமஞ்சள். அவற்றுள்ளும் கறுப்பும் வெள்ளையும் ஆண்டின் பெரும்பகுதிக்குப் போதும். வெறும் ஈயத்தலைத் தூண்டில்களை மட்டும் விலைக்கு வாங்கி, வாலை வீட்டிற் கட்டிக்கொள்ளலாம். கறுப்புக்குச் சைக்கிள் ரியூப். வெள்ளைக்குச் சேவல் இறகு அல்லது உரப்பையின் வெள்ளை இழை. பொன்னிறத்துக்குத் தேயிலை, பிஸ்கற் ஆகியவற்றைப் பொதிந்து வரும் மினுங்கற் தாளை மயிரிழையாய்க் கத்தரித்த கற்றை. இழைகள் ஊசியின் வளைவுக்கு ஓரங்குலம் அப்பால் மட்டும் நீளுதல் போதும். அதனினும் நீண்டால் மீன் வாலைக் கடித்து ஊசியைத் தப்பிவிடும். கட்டிய நூலின் மேல் நகப்பூச்சை இருமுறை தடவி உலரவிட்டால் நீரில் அவிழாது.

ஈயத்தை வீட்டில் உருக்கி வார்க்க முயலாதீர்கள். அதன் ஆவியும் தூளும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஈயத்தைப் பல்லாற் கடித்து நசுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடல் வேண்டும்.

ஈயத்தின் நிறையே நிறத்தினும் முதன்மையானதென்பது எம் அபிப்பிராயம். பத்துக் கிராம் தலை, நீரோட்டமற்ற களப்பில் அடியை முட்டும். முகத்துவாரத்தில் நீர் வெளியேறும் வேளையில் இருபது கிராமும் போதாமற் போகலாம். எறிந்தபின் தங்கூசி தளர்ந்து ஈயம் அடியிற் தட்டுவது கையில் உணரப்படாவிட்டால், நிறத்தை மாற்றாமல் நிறையை மாற்றுங்கள். ஓரிடத்தில் ஒரே நிறத்தை ஆழத்தையும் வேகத்தையும் மாற்றிக் குறைந்தது முப்பது முறையாவது எறிந்த பின்னரே வேறு நிறத்தை எண்ணலாம். எமது கரையிற் கடல்நீர் ஏறி வற்றும் உயரம் ஏறக்குறைய இரண்டடி அளவே ஆயினும், களப்பு வாயில்களில் அச்சிறு ஏற்றவிறக்கமே ஓட்டத்தை உண்டாக்குகின்றது. நீர் வற்றி வெளியேறும் நேரத்தில் இறாலும் சிறுமீனும் அதனோடு இழுபட்டு வரும். அந்நேரத்தை நோக்கிச் செல்வது நன்று.

கவனிக்க வேண்டியவை

இரவில் கறுப்பு இரை நன்றெனக் கூறினோம். அதனைக் கேட்டு இரவில் முழங்கால் நீரில் இறங்கி நிற்பவர் உயிரைப் பணயம் வைக்கின்றார். ஆற்று முகங்களிலும் கண்ணாக் காட்டு ஓடைகளிலும் செம்மூக்கு முதலையும், குளங்களில் சதுப்பு முதலையும் உண்டு. நீரின் விளிம்பிலிருந்து சில பாகம் விலகி, மேடான இடத்தில் நின்றே எறியுங்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் நிற்காதீர்கள். மீனை நீரோரத்திற் கழுவித் துப்புரவாக்காதீர்கள். வேரிற் சிக்கிய இரையை எடுக்க நீரில் இறங்கவே கூடாது. வீட்டிற் செய்த இரையானால் அதனை அறுத்துவிட மனம் தயங்காது. விலை கொடுத்த பெட்டி இரைக்காக இறங்கியோரை அறிவோம்.

ஊசி கையில் ஏறி முள் மறைந்துவிட்டால் பின்னோக்கி இழுக்காமல், தங்கூசியை அறுத்து, ஊசியோடே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயற் சேற்றில் வேலை செய்வோர் ஏற்புவலித் தடுப்பூசி போட்டிருத்தல் இதற்கும் உதவும்.

இனி, பிடித்த மீனைப் பற்றி. கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறும் மீன். ஆதலின் மிகப் பெரியவை பெரும்பாலும் பெண்களே. இலட்சக்கணக்கான முட்டைகளை இடுபவை. அவை முகத்துவாரத்தில் உப்பு நீரில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கண்ணாக் காடுகளையும் ஓடைகளையும் நாடி ஏறி, சிலவேளை வயல் வாய்க்கால் வரையும் வருகின்றன. ஒரு முழத்துக்கு மேற்பட்ட மீன் கறிக்குப் போதும். இரண்டு முழ மீன் தூண்டிலில் வந்தால், அது அவ்வாற்றின் விதைநெல் என எண்ணி விட்டுவிடுவோர் கிண்ணியாவிற் சிலர் உளர். பெரிய மீனுக்கு நல்ல விலை உண்டென்பதை நாம் அறியாதவர் அல்லோம். எனினும் விதைநெல்லுக்கும் விலை உண்டு.

வாய்க்கால் வரை ஏறும் குஞ்சுகளைப் பற்றிக் கூறியதால், எமது தொழிலுக்குரிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம். பூச்சிநாசினி தெளித்த வயலின் நீரை உடனே வடிச்சல் வாய்க்காலுக்குத் திறந்துவிடாதீர்கள். தெளிக்குமுன் கடவையை அடைத்து, போத்தலின் மேற்றாளிற் குறிக்கப்பட்ட நாட்கள் கழியும்வரை நீரை வயலிலேயே நிறுத்துங்கள். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவுவதும் கூடாது. தம்பலகாமத்து வயல்களின் வடிச்சல் நீர் சென்று சேர்வது, நீங்கள் மாலையில் தூண்டிலொடு நிற்கும் அதே களப்பில்தான்.

இரைகளை உபயோகித்தபின் நன்னீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள தகர டப்பாவிற் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கறுப்பு றப்பர் வாலை வெள்ளை வாலுடன் ஒட்டி வைத்தால் வெள்ளை கறைப்படும். தனித்தனியே தாளிற் சுற்றி வைத்தல் வேண்டும்.